ஏழு வருடம் நின்ற புல்லட்: இன்ஜினை மறுபடி இறக்க வேண்டுமா?

புகை, கார்புரேட்டர் வழியாகத் திருப்பி அடிப்பது, சூடானதும் அணைந்து போவது என்று மூன்று தொல்லைகளை எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கேட்க வந்தது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். “கிராங்க் போயிடுச்சு, இன்ஜினை இறக்கிப் பிரிக்கணும்” என்கிறாரே பக்கத்துத் தெரு மெக்கானிக் (கிராங்க் என்பது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு), அவர் பேச்சை நம்பி வண்டியைக் கொடுக்கலாமா? இப்போதைக்கு வேண்டாம் என்பது என் பதில். அவர் சொல்வது தப்பு என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன அறிகுறிகளில் ஒன்றுகூட கிராங்கை நேராகக் காட்டிக் கொடுக்கவில்லை. இன்ஜினை இறக்காமலே பார்க்கக் கூடியவை நிறைய இருக்கின்றன. அவற்றையெல்லாம் பார்த்த பிறகு இறக்கினால் போதும்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் 1986 மாடல் புல்லட் 350, காஸ்ட் அயர்ன் சிலிண்டர். 2017-ல் போர் போட்டு (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கி), ஓவர் சைஸ் பிஸ்டன் ஏற்றி, கிராங்க் பின் மாற்றி, வால்வு வேலையும் செய்து முடித்திருக்கிறீர்கள். சுமார் 200 கிலோமீட்டர் நல்லபடி ஓடியது. பிறகு வெளிநாட்டு வேலை. வண்டி ஏழு வருடம் போர்டிகோவில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. போன மாதம் வந்து பழைய பெட்ரோலைக் கொட்டிப் புதிதாக ஊற்றினீர்கள். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் ஒட்டவே இல்லை என்று முக்கால் லிட்டர் சேர்த்தீர்கள். நாற்பது கிக்குக்குப் பிறகு பற்றியது. தெரு தெரியாத அளவுக்குப் புகை, ப்ரீதர் பைப்பிலிருந்து (இன்ஜினின் மூச்சுக் குழாய்) எண்ணெய், கார்புரேட்டரில் ‘பட் பட்’. சென்டர் ஸ்டாண்டில் போட்டு ஓடவிட்டால் பத்தாவது நிமிடம் அணைகிறது. ஆறின பிறகுதான் திரும்பப் பற்றுகிறது.

முப்பது வருடத்துக்கு மேலாக இந்த வண்டியோடு பழகுகிறேன். நல்ல மெக்கானிக்கையும் குழப்புவது இந்த மாதிரி வண்டிதான்: வேலை பார்த்து முடித்து, ஓடிப் பழகுவதற்குள் நின்று போனது. ஓடித் தேய்ந்த இன்ஜின் என்றால் தேய்மானத்தைத் தேடலாம். இப்போதுதான் பூட்டியது என்றால் பூட்டினதில் பிசகு எங்கே என்று தேடலாம். உங்களுடையதில் கைப்பிழையும் இருக்கலாம், நின்றதால் வந்த கேடும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அதனால்தான் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த 200 கிலோமீட்டர் எனக்கு முக்கியம். கிராங்க் தப்பாக பிரஸ் ஆகியிருந்தாலோ, டைமிங் பல் ஒன்று தள்ளி மாட்டியிருந்தாலோ, அந்த 200 கிலோமீட்டரிலேயே காட்டியிருக்கும். அப்போது புகை இல்லை, அணையவில்லை என்றால் பெரிய கைப்பிழைகளில் பாதி அடிபட்டுப் போகிறது. நின்றபோது என்ன கெட்டது என்பதை முதலில் பார்ப்போம்.

புகையில் ஆரம்பிக்கிறேன், அதில் எனக்குச் சந்தேகம் ரொம்பக் குறைவு. இந்த இன்ஜின் டிரை சம்ப் வகை, அதாவது எண்ணெய் கிராங்க் சுற்றும் அறையில் தேங்காமல் ஒரு தொட்டியில் இருக்கவேண்டியது. எண்ணெய்த் தொட்டி தனியாகத் தொங்கவில்லை, கிராங்க்கேஸோடு (கிராங்க் இருக்கும் உறை) சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கிறது. ஒரு பம்ப் தொட்டியிலிருந்து எண்ணெயை எடுத்து பிக் எண்டுக்கு (பிஸ்டன் தண்டு கிராங்கோடு சேரும் மூட்டு) தள்ளுகிறது. இன்னொன்று ஃப்ளைவீல் (கிராங்கின் கனமான சக்கரம்) சுற்றும் அறையில் சேர்ந்ததை எடுத்து, ராக்கருக்கும் (ஹெட்டில் வால்வை அழுத்தும் கை) கொஞ்சம் கொடுத்துவிட்டு, தொட்டிக்கே திருப்புகிறது. வண்டி நின்றுவிட்டால் பம்ப்பின் தட்டுகளுக்கிடையே எண்ணெய் துளித்துளியாக நழுவி ஃப்ளைவீல் அறைக்கு இறங்கிவிடும். புத்தம் புதுப் பம்ப்பிலேயே மாதக்கணக்கில் நின்றால் இது நடக்கும். ஏழு வருடத்துக்குத் தொட்டியில் எண்ணெய் மிச்சம் இருந்தால்தான் அதிசயம்.

ஆக, உங்கள் டிப்ஸ்டிக் காய்ந்திருந்தது எண்ணெய் குறைந்ததால் அல்ல. எண்ணெய் பக்கத்து அறையில் குளமாக நின்றுகொண்டிருந்தது. அதன் மேல் நீங்கள் முக்கால் லிட்டர் ஊற்றினீர்கள். இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும் இன்ஜின் இது. பற்றின உடனே ஃப்ளைவீல் அந்தக் குளத்தைக் கடைந்து சிலிண்டர் சுவர் முழுக்க வாரி அடிக்கும். பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் கீழே எழும் காற்று ப்ரீதர் வழியாக வெளியேறும், எண்ணெயையும் கூட்டிக்கொண்டு. நீங்கள் பார்த்தது அதைத்தான். இதற்கு பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கவும் வேண்டாம், கிராங்க் போயிருக்கவும் வேண்டாம்.

இதை உறுதி செய்வது சுலபம். இன்ஜினுக்கு அடியில் ஒன்றுக்கு மேல் டிரெயின் போல்ட் இருக்கும். தொட்டிக்கு உரியது வேறு, ஃப்ளைவீல் அறைக்கு உரியது வேறு. வண்டி இரண்டு நாள் நின்ற பிறகு, ஃப்ளைவீல் அறையின் போல்டை மட்டும் கழற்றி அடியில் ஒரு பழைய சாப்பாட்டுத் தட்டை வையுங்கள். ஒழுங்காக ஓடும் வண்டியை ஓட்டி வந்த கையோடு கழற்றினால் ஒரு டீ கிளாஸ் அளவுக்குள் வரும். உங்களுடையதில் தட்டு வழிந்துவிடும் என்று நினைக்கிறேன், பெரிய பாத்திரமே வைத்துக்கொள்ளுங்கள். வருகிற எண்ணெயின் நிறத்தையும் பாருங்கள். பால் விட்ட டீ மாதிரி இருந்தால் ஈரம் இறங்கியிருக்கிறது. வெயிலில் தட்டைச் சாய்த்துப் பார்க்கும்போது மினுமினுப்பாக, விரலில் தேய்த்தால் நறநறக்காத வெள்ளித் துகள் தெரிந்தால் அதைக் கொட்டாமல் எடுத்து வையுங்கள், பின்னால் பேசுவோம். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி அதில் விட்டுப் பாருங்கள். ஒட்டுவது இரும்பு. புதிதாக போர் போட்ட இன்ஜினில் மை மாதிரி மிக நைசான கரும்பொடி கொஞ்சம் ஒட்டும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

பிறகு தொட்டியையும் முழுக்க வடித்துவிட்டு, புது 20டபிள்யூ-50 எண்ணெயை அளந்து ஊற்றுங்கள். அத்தோடு உடனே கிக் அடித்துவிடாதீர்கள். ஏழு வருடத்தில் பம்ப்பும் எண்ணெய்ப் பாதையும் காய்ந்திருக்கும். நீங்கள் ஏற்கெனவே சில தடவை ஓட்டிவிட்டீர்கள், அது போகட்டும். எண்ணெயை வடித்தால் பாதையில் மறுபடி காற்று ஏறும். டைமிங் கவரில் (டைமிங் பற்சக்கரங்களை மூடும் பக்க மூடி) இருக்கும் ஃபெல்ட் ஃபில்டரை மாற்றி, அந்த அறையை எண்ணெயால் நிரப்பி மூடுங்கள். மூடும்போது ஸ்பிரிங், வாஷர் எல்லாம் கழற்றின வரிசையிலேயே போகவேண்டும், ஒன்று மாறினாலும் எண்ணெய்ப் பாதை அடைபடும். இக்னிஷனை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு ஐம்பது கிக் போடுங்கள். கம்ப்ரஷன் இல்லாததால் கால் வலிக்காது.

இப்போது எண்ணெய் சுற்றுகிறதா என்ற சோதனை. சிலிண்டர் ஹெட்டுக்கு ஏறும் மெல்லிய பைப் இருக்கிறதல்லவா, அதன் மேல் போல்டை அரைச் சுற்று தளர்த்தி வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஃப்ளைவீல் அறையைக் காலி செய்திருப்பதால் உடனே வராது, ஓரிரு நிமிடம் ஆகலாம். முதலில் நுரை, பிறகு எண்ணெய் கசிந்து ஃபின்னில் வழியும். வந்தால் போல்டை இறுக்கிவிடுங்கள். இரண்டு நிமிடம் தாண்டியும் வரவில்லை என்றால் அந்த நொடியே அணையுங்கள். அறையை வடிக்காமல் இந்தச் சோதனையைச் செய்தால் அது உங்களை ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கீழே குளம் இருக்கும்வரை, தொட்டியிலிருந்து எடுக்கும் பம்ப் செத்துக் கிடந்தாலும் திருப்பி அனுப்பும் பம்ப் அந்தக் குளத்தை மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். ஹெட்டில் எண்ணெய் வருகிறது என்று நாம் நிம்மதியாக இருப்போம், பிக் எண்ட் காய்ந்துகொண்டிருக்கும்.

வடித்த பிறகு வருகிறது என்றால் இரண்டு பம்ப்பும் வேலை செய்கின்றன. அது நிச்சயம். பிக் எண்டுக்கு எண்ணெய் போகிறது என்பது மட்டும் இதில் நிரூபணம் ஆகாது. டைமிங் கவருக்கும் கிராங்கின் முனைக்கும் நடுவே எண்ணெயைக் கடத்தும் ஒரு சின்னக் குழலும், அதைச் சுற்றி ஒரு கார்க் சீலும் உண்டு. அந்தக் கார்க் நசுங்கியிருந்தால் எண்ணெய் கிராங்குக்குள் போகாமல் டைமிங் அறையில் ஒழுகி, அங்கிருந்து கீழே இறங்கி, சமர்த்தாக ஹெட்டுக்கும் ஏறிவிடும். நான் தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம் இதே கார்க்கைப் பழையதையே திரும்பப் போட்டு ஒரு வண்டியைப் பூட்டிக் கொடுத்தேன். நாற்பது கிலோமீட்டர் கூடப் போகவில்லை, பிக் எண்ட் தட்ட ஆரம்பித்தது. வண்டிக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. பெட்டியில் கிராங்கை வைத்துக்கொண்டு வந்து கடை வாசலில் இறக்கிவிட்டு டீ குடிக்கப் போனார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். கார்க்கின் விலை அப்போது ஒரு டீயைவிடக் குறைவு.

அந்தக் கார்க்கைப் பார்க்க இன்ஜினை இறக்க வேண்டாம், டைமிங் கவரைக் கழற்றினால் போதும். கழற்றும்போது பேப்பர் பாக்கிங்கில் எண்ணெய்த் துளைகள் நேராக வந்திருக்கின்றனவா, பாக்கிங் பசை துளைக்குள் பிதுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பசையை வெண்ணெய் மாதிரி அப்புகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியே கசியாமல் அழகாக இருக்கும், உள்ளே ஒரு சுருள் பிரிந்து பாதையில் போய் உட்காரும். பம்ப்புகள் அந்தக் கவரிலேயே இருப்பதால், திரும்ப மூடும்போது மேலே சொன்ன நிரப்பும் வேலையை மறுபடி செய்யவேண்டும்.

அடுத்தது கார்புரேட்டர். ‘பட்’ என்று திருப்பி அடிப்பதற்குப் பெரும்பாலான காரணம் கலவையில் பெட்ரோல் குறைவு. பெட்ரோல் குறைந்த கலவை மெதுவாக எரியும். இன்லெட் வால்வு திறக்கும்போதும் உள்ளே நெருப்பு மிச்சம் இருக்கும், அது வந்த வழியே திரும்பும். நின்ற வண்டியில் இதற்கு முதல் குற்றவாளி பைலட் ஜெட், ஐடிலில் பெட்ரோல் விடும் ஊசித்துளை. டேங்க்கிலிருந்த பழைய பெட்ரோலைக் கொட்டினீர்கள், கார்புரேட்டர் கிண்ணத்தில் இருந்ததைக் கொட்டினீர்களா? அது வற்றி அரக்கு மாதிரி ஒட்டியிருக்கும். ஜெட்டைக் கழற்றி வானத்தை நோக்கிப் பிடியுங்கள். ஊசிமுனை அளவு வட்டமாக வெளிச்சம் தெரியவேண்டும். பிறை மாதிரித் தெரிந்தால்கூட அடைப்புதான். கம்பி விட்டுக் குடையாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கார்ப் கிளீனரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டுக் காற்றடியுங்கள். அப்படியும் போகாவிட்டால் புது ஜெட்.

கார்புரேட்டர் ஹெட்டோடு சேரும் இடத்து பாக்கிங்கையும் பாருங்கள். அந்த நட்டை ஆவேசமாக இறுக்கி இறுக்கி ஃபிளாஞ்ச் வளைந்து, இரண்டு ஓரத்திலும் காற்று இழுக்கும் வண்டிகள் ஏராளம். கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பார்த்தால் ஆட்டம் தெரியும். அப்புறம் எத்தனால். உங்கள் வண்டி செய்யப்பட்ட காலத்தில் பெட்ரோல் பெட்ரோலாகவே இருந்தது. நாட்டில் கலப்பு 2022-ல் 10 சதவீதத்தை எட்டியது, 2023-லிருந்து 20 சதவீதம் கலந்தது வர ஆரம்பித்துவிட்டது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டுக்குக் கலவை இன்னும் கொஞ்சம் மெலியும். மிக்கார்ப் கார்புரேட்டரில் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே திருப்பினால் அதை ஓரளவு ஈடுகட்டலாம். ஆனால் உங்கள் ‘பட் பட்’டுக்கு எத்தனால் மட்டுமே காரணம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதன் உண்மையான கெடுதல் ரப்பரிலும் டேங்க்கிலும்தான். ஈரத்தை இழுத்துக்கொண்டு அடியில் தண்ணீராகப் பிரியும், டேங்க் உள்ளே துரு ஏறும். திரும்ப நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்றால் கார்புரேட்டர் கிண்ணம் வரை வடித்துவிடுங்கள்.

கலவை சரி, காற்றும் இழுக்கவில்லை, இன்னும் அடிக்கிறது என்றால் வால்வைச் சந்தேகப்படலாம். இன்ஜின் எந்த நிலையில் நின்றதோ, அதில் ஒரு வால்வு ஏழு வருடம் திறந்தே இருந்திருக்கலாம். அதன் வழியே ஈரக்காற்று போய் வால்வு தண்டிலும் சீட்டிலும் துருவை ஏற்றும். கடற்கரை ஊர் என்றால் கேட்கவே வேண்டாம். இதை டேப்பட் பக்கத்திலிருந்து பார்க்கலாம். இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, பிஸ்டனைக் கம்ப்ரஷனின் உச்சிக்குக் கொண்டுவந்து, சிலிண்டர் பக்கத்துச் சின்னக் கவரைத் திறந்து, இரண்டு புஷ் ராடையும் (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பிகள்) விரலால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றவேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக்கூடாது. இந்த வண்டிக்கு அதுதான் அளவு. சுற்றவே மறுத்தால் வால்வு முழுக்க மூடவில்லை. புது ஹெட் பாக்கிங் போட்டு 200 கிலோமீட்டர் ஓடின பிறகு ஹெட் நட்டைத் திரும்ப இறுக்கினார்களா? இறுக்கியிருந்தால் ஹெட் ஒரு நூல் இறங்கி டேப்பட் இறுகியிருக்கும், அதைத் திரும்ப செட் பண்ண மறந்திருக்கலாம். ஒன்றில் மட்டும் தாராளமாக ஆட்டம் இருந்தால், வால்வு துருவில் சிக்கி மேலே வராமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

இனி பத்தாவது நிமிடம் அணைவது. இதில் நான் தூரத்திலிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. நான்கைந்து காரணம் இதே முகத்தோடு வரும். பிரித்தறிய வழி உண்டு, ஆனால் அணைந்த முதல் இரண்டு நிமிடத்துக்குள் செய்யவேண்டும். ஆறவிட்டால் சாட்சி போய்விடும். பிளக் ஸ்பேனர், கையுறை, ஒரு கூடுதல் பிளக் எல்லாவற்றையும் முதலிலேயே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அணைந்ததும் முதலில் காது: ‘ஸ்ஸ்’ என்று இழுத்துக்கொண்டு, பிரேக் பிடித்த மாதிரி திணறி நின்றதா, அல்லது சாவியைத் திருப்பியது போலப் பட்டென்று நின்றதா, அல்லது இருமி இருமி நின்றதா? முதலாவது பிஸ்டன் பிடிப்பதையும், இரண்டாவது கரண்ட் போவதையும், மூன்றாவது பெட்ரோல் வராததையும் சந்தேகிக்க வைக்கும். அடுத்து பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். உள்ளே காற்று ‘உஸ்’ என்று இழுத்தால் மூடியின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது, வேலை ஐந்து ரூபாய்கூட ஆகாது. பிறகு கிக்கரைக் கையால் அழுத்துங்கள். வழக்கத்தைவிட இறுகியிருந்தால் பிஸ்டன் பிடித்திருக்கிறது. தொளதொளவென்று போனால் கம்ப்ரஷன் இல்லை. உடனே புஷ் ராடைச் சுற்றிப் பாருங்கள், டிகம்ப்ரஷன் கேபிளில் (கிக் அடிக்கும்முன் கம்ப்ரஷனை வெளியேற்ற இழுக்கும் கம்பி) தளர்ச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் கேபிள் துருவேறி இழுத்தபடியே நின்றால் ஹெட்டிலிருக்கும் குட்டி வால்வு உட்காராது, கிக் அடிக்கும்போது பக்கத்தில் ‘சீத்’ என்று கேட்கும். 6.5-க்கு 1 என்ற குறைந்த கம்ப்ரஷன் உள்ள இன்ஜின் இது. இருப்பதில் கொஞ்சம் போனாலும் பற்றாது.

கிக்கர் வழக்கம்போல் இருந்தால் புதுப் பிளக்கைத் தொப்பியில் சொருகி, ஹெட்டின் மேல் சாய்த்து வைத்துக் கிக் அடித்துக் கரண்ட் வருகிறதா பாருங்கள். அடிக்கும்முன் கழற்றின பிளக் துளையை ஒரு துணியால் நன்றாக அடையுங்கள், சாய்த்த பிளக்கை அதற்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். அணைந்த சிலிண்டரிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், பக்கத்தில் பொறி பறந்தால் முகத்தைச் சுடும். நீலமாகச் சொடுக்கினால் கரண்ட் சரி. மஞ்சளாக நூல் போல வந்தாலோ, வராமலே போனாலோ பாயிண்ட் (பொறிக்காகக் கரண்டை வெட்டும் சுவிட்ச்) மூடியைத் திறங்கள். பாயிண்ட் திறக்கும் இடத்தில் நீலப் பொறி பெரிதாக எரிகிறதா? அப்படியானால் கண்டென்சர். ஏழு வருடத்தில் அதுவே கெட்டிருக்கலாம். இப்போது வரும் டூப்ளிகேட் கண்டென்சர்களில் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கெட்டதும் உண்டு, அதனால் இரண்டு வாங்குங்கள். பாயிண்ட் முகத்தில் படர்ந்த மங்கலையும் நல்ல காகிதத்தை நடுவில் விட்டு இழுத்துத் துடையுங்கள். இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர். பின்னால் இருக்கும் அட்வான்ஸ் எடைகள் (வேகம் ஏற ஏறப் பொறியை முன்கூட்டி வரவைப்பவை) கையால் விரித்துவிட்டால் தானாகத் திரும்புகின்றனவா என்றும் பாருங்கள். விரிந்தபடி துருவில் ஒட்டியிருந்தால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். விரியாமல் ஒட்டியிருந்தால் சைலன்சர் பைப் சீக்கிரமே கொதிக்கும், இழுவையும் இருக்காது.

பேட்டரி பற்றி நீங்கள் எழுதவில்லை. இந்த வண்டியின் கரண்ட் பேட்டரியிலிருந்துதான் வருகிறது. ஐடிலில் ஆல்டர்னேட்டர் கொடுப்பது சொற்பம், பேட்டரி பழையது என்றால் பத்து நிமிடத்தில் அதுவே அணைத்துவிடும். ஆனால் அப்படி அணைந்தது ஆறினால் பற்றுவது அபூர்வம், ஆகவே இதைப் பட்டியலின் கடைசியில் வைக்கிறேன். ஆம்பியர் மீட்டர் முள் வேலை செய்கிறது என்றால் சாவியைப் போட்டு மெதுவாகக் கிக்கரை அழுத்துங்கள். பாயிண்ட் மூடும்போது முள் இடது பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். அப்பா இந்த முள்ளைப் பார்த்துத்தான் டிகம்ப்ரஷனைப் பிடித்துக் கிக் அடித்திருப்பார். நீங்களும் அப்படி அடித்தால் நாற்பது தேவைப்படாது.

என் உள்மனதுக்குத் தோன்றுவதையும் சொல்கிறேன், ஆனால் அதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இது காற்றால் ஆறும் இன்ஜின். புதிதாக போர் போட்டு 200 கிலோமீட்டரே ஓடியது, பிஸ்டனுக்கு இன்னும் இடம் இறுக்கம். பெட்ரோல் குறைந்த கலவை, அதுவே சூட்டைக் கூட்டும். அதை ஸ்டாண்டில் போட்டு, முகத்தில் காற்றே படாமல் பத்து நிமிடம் ஓடவிட்டிருக்கிறீர்கள். பிஸ்டன் லேசாகப் பிடித்து, ஆறினதும் விட்டிருக்கலாம். இது உண்மையானால் இன்னும் இரண்டு தடவை அதையே செய்தால் பிஸ்டன் கீறிவிடும், அப்புறம் மெக்கானிக் சொன்னபடி பிரித்தே ஆகவேண்டும். ஆகவே மேலே சொன்ன எண்ணெய்ச் சோதனையைத் தவிர, பைலட் ஜெட்டைச் சுத்தம் செய்யும்வரை ஓட்டவே வேண்டாம். அதன் பிறகும் காற்றுப் படாமல் ஸ்டாண்டில் ஓடவிடாதீர்கள். முன்னால் ஒரு பெடஸ்டல் ஃபேனை வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆனதும் தெருவில் நாற்பதுக்குள் உருட்டிக்கொண்டு போங்கள், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆறவிடுங்கள்.

ரிங் விஷயம் உண்மையிலேயே சந்தேகமானது. போர் போட்ட சுவரில் ரிங் பதிவதற்குள் வண்டி நின்றுவிட்டது. பிஸ்டன் நின்ற உயரத்தில் சுவரைச் சுற்றி ஒரு துரு வளையம் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். போன் கேமராவோடு இணைக்கும் மெல்லிய எண்டோஸ்கோப் இப்போது மலிவாகவே கிடைக்கிறது. பிளக் துளை வழியே விட்டு, பிஸ்டனைக் கீழே இறக்கிப் பாருங்கள். காபிக் கறை மாதிரி நிறம் மட்டும் என்றால் ஓடும்போது துடைத்துக்கொண்டு போய்விடும். குழி விழுந்திருந்தால் அந்த இடத்தில் எண்ணெய் தங்கி எரிந்துகொண்டே இருக்கும். கேமராவில் நிறத்துக்கும் குழிக்கும் வித்தியாசம் தெரிவது கஷ்டம், நானே ஏமாந்திருக்கிறேன். ஆகவே ஓட்டித்தான் முடிவு செய்யவேண்டும்: ஃப்ளைவீல் அறையை வடித்து, அளவான எண்ணெயில் 150, 200 கிலோமீட்டர் பார்த்து ஓட்டின பிறகும் நீலப் புகை குறையவே இல்லை என்றால் ஹெட்டையும் சிலிண்டரையும் மட்டும் கழற்றலாம். அதற்கும் கிராங்க்கேஸைத் தொட வேண்டியதில்லை.

கிராங்க்கேஸைப் பிரிக்கும் நிலை எப்போது? தட்டில் பிடித்த எண்ணெயில் காந்தத்தில் ஒட்டாத வெள்ளிச் செதில் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருந்தால். அல்லது நன்றாகச் சூடான பிறகு, மேட்டில் மூன்றாவது கியரில் இழுக்கும்போது அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று கனமாகத் தட்டி, ஆக்சிலரேட்டரை விட்டதும் குறைந்தால். குளிரில் மட்டும் சலசலத்துச் சூடானதும் அடங்கினால் அது பிஸ்டன் சத்தம், விட்டுவிடுங்கள். டேப்பட் சத்தம் மேலே, தையல் மெஷின் மாதிரி, எப்போதும் ஒரே சீராக இருக்கும். உங்கள் மெக்கானிக் “கிராங்க் போச்சு” என்றபோது வண்டி ஸ்டாண்டில் நின்றிருந்தது, புகையைப் பார்த்துச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். சுமை இல்லாமல், காது கொடுக்காமல் அதை எப்படிக் கண்டார் என்று மரியாதையாகக் கேளுங்கள். தட்டினதைக் கேட்டேன் என்றால் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு, என்னைவிட அவர் வண்டிக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

இன்னொரு சின்ன விஷயம், ஓட்டக் கிளம்பும்முன். கிளட்ச் தட்டுகள் ஒட்டியிருக்கும். கிளட்ச்சைப் பிடித்தபடி இக்னிஷன் இல்லாமல் நாலைந்து கிக் போட்டு, கிக்கர் இன்ஜினைச் சுற்றாமல் வழுக்கிப் போகிறதா பாருங்கள். பார்க்காமல் முதல் கியரைப் போட்டால் வண்டி நேராக எதிர்வீட்டுக் கேட்டுக்குள் போகும்.

ஃப்ளைவீல் அறையிலிருந்து எவ்வளவு எண்ணெய் வந்தது, புஷ் ராட் சுற்றியதா, அணைந்த உடனே கிக்கர் இறுகியிருந்ததா தளர்ந்திருந்ததா என்ற மூன்றையும் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். தட்டின் படம் எடுத்தால் வெயிலில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். ஃபிளாஷில் எல்லா எண்ணெயும் மினுமினுக்கும்.